வெல்லமும் வளர்முனையும்

தாவர வாழ்வில் வெல்லத்தின் பணி யாது என வினாவினால், கீழ்வகுப்பு மாணவனும் தயங்காது விடையிறுப்பான்: இலை அதனை ஆக்குகின்றது, ஏனைய உறுப்புக்கள் அதனை உண்கின்றன. இவ்விடை பிழையன்று; ஆயின் நிறைவானதுமன்று. நெடுங்காலம் உணவாக மட்டுமே எண்ணப்பட்ட அப்பொருள், வளர்முனையில் உறங்கும் இளங்கலங்களை எழுப்பவும், எழுந்தவற்றை அடக்கவும் வல்ல ஓலையாகவும் செல்கின்றது என்பது இற்றைத் தாவரவியலார் கண்ட முடிபு. அம்முடிபுக்கு அவர்கள் சென்ற வழி நேரானதன்று. ஒரு தலைமுறையினர் பாதி கண்டதை அடுத்த தலைமுறையினர் ஒதுக்கினர். ஒதுக்கப்பட்டது பல ஆண்டு கழிந்தபின் வேறோர் உருவில் மீண்டது. கரும்பின் சீனி, பழத்தின் இனிமை, குருதியிற் காணும் குளுக்கோசு ஆகிய அனைத்தையும் இரசாயன நூலார் வெல்லம் என்னும் ஒரு பெயரால் வழங்குவர். இக்கட்டுரையிலும் அச்சொல் அப்பொருளிலேயே ஆளப்படுகின்றது.

வளர்முனையின் கதை வெல்லத்தின் கதையினும் முந்தியது. காஸ்பர் பிரீட்ரிக் வோல்ஃப் என்பார் 1759 இல் ஹாலே பல்கலைக்கழகத்திற் சமர்ப்பித்த ஆய்வேட்டில், தண்டின் நுனியில் இலைகள் புதிதாக உருவாகும் மென்மையான இடமொன்று உண்டெனக் காட்டினார். விதைக்குள்ளே முழுமரமும் நுண்ணுருவில் மடிந்து கிடக்கின்றது என்று அக்காலத்தார் பலர் நம்பியிருந்தனர். அந்நம்பிக்கைக்கு இது பெரும் அடியாயிற்று. உறுப்புக்கள் முன்னரே இருந்து விரிவனவல்ல, அவ்வப்போது ஆக்கப்படுவன என்பது புலனாயிற்று. ஏறக்குறைய நூறாண்டின் பின், 1858 இல், கார்ல் நேகெலி இவ்வாறு பிரிந்து பெருகும் இழையத்துக்கு இட்ட பெயரே இன்று தமிழிற் பிரியிழையம் எனப்படுகின்றது. அதன் நடுவே சில கலங்கள் என்றும் முதிராதிருந்து, தம்மையும் புதுப்பித்து, ஏனைய கலங்களையும் ஈன்று கொண்டிருக்கும். அவை மூலக்கலங்கள். நூறாண்டு நின்ற மரமும் இவ்வாண்டு புதுத்தளிர் ஈனுவது அவற்றாலேயாம். ஆயின் அவை எப்பொழுது பிரிய வேண்டும், எப்பொழுது வாளாவிருக்க வேண்டும் என்பதை அவற்றுக்கு அறிவிப்பது எது?

வெல்லத்தின் கதையைத் தொடக்கி வைத்தவர் யூலியஸ் சாக்ஸ். பொன் நகரை அடுத்த பொப்பல்ஸ்டோர்ஃபிற் பணியாற்றிய காலத்தில், 1860 ஐ அடுத்த ஆண்டுகளில், இலையின் ஒரு பகுதியை மறைத்து மறுபகுதியை வெயிலிற் காட்டிப் பின் அயடீனில் இட்டார். வெயில்பட்ட பகுதி மட்டும் கருநீலமாயிற்று. பச்சையுருமணியிற் காணப்படும் மாப்பொருள் ஒளியின் உதவியாற் காபனீரொட்சைட்டிலிருந்து விளைவது என நிறுவப்பட்டது. இன்றும் பள்ளி ஆய்வுகூடங்களில் ஆண்டுதோறும் செய்யப்படும் சோதனை அது. இலை உணவுச்சாலை என்னும் கருத்து அன்று வேரூன்றியது. அதே சாக்ஸ் 1880 இல் வேறொன்றும் கூறினார்: வேரை ஆக்கும் பொருள், பூவை ஆக்கும் பொருள் எனத் தனித்தனிப் பொருள்கள் மிகச் சிறிய அளவில் உடலிற் சென்று உறுப்புக்களின் உருவைத் தீர்மானிக்கின்றன என்பது அவர் கொள்கை. ஒரே அறிஞரின் கையிற் பிறந்த இவ்விரு கருத்துக்களும் பின்னர் இரு கட்சிகளாகப் பிரிந்தமை கருதத்தக்கது. ஒரு கட்சி உணவின் அளவே வளர்ச்சியை ஆள்கின்றது என்றது. மற்றையது அளவிற் சிறிய தூதுப்பொருள்களே ஆள்கின்றன என்றது.

உணவுக் கட்சியே முதலில் ஓங்கியது. ஜேர்மனிய அறிஞர் கியோர்க் கிளெப்ஸ், செம்பர்வைவம் என்னும் சதைப்பற்றான செடியை ஒளி, வெப்பம், உப்பு ஆகியவற்றை மாற்றி வளர்த்து, பூக்கும் தறுவாயிலுள்ளதைப் பூவாமற் செய்யவும், பூங்கொத்தாக வேண்டிய முனையை மீண்டும் இலை ஈனும் முனையாக்கவும் கூடுமெனக் காட்டினார். காபனுணவு மிகுந்து மண்ணுப்புக்கள் குறைந்தவிடத்துப் பூத்தலும், இதற்கு மாறானவிடத்து இலைவளர்ச்சியும் நிகழும் என்பது அவர் முடிபு. அவர் மறைந்த 1918 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ஓறிகன் நாட்டில் கிறவுஸ், கிறேபில் என்னும் இருவர் தக்காளிச் செடியில் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். நைதரசன் மிகுந்த நிலத்தில் தழைத்தும் காயாதிருந்த செடியும், நைதரசன் வறண்ட நிலத்தில் வெல்லமும் மாப்பொருளும் உடலில் தேங்கி, மஞ்சள் பூத்து, அப்பொழுதும் காயாதிருந்த செடியும் அவர்கள் காட்டிய எல்லைகள். இரண்டும் ஒத்தவிடத்தே காய்ப்பு நன்றாயிருந்தது. தோட்டக்காரன் அனுபவத்தால் அறிந்ததை எண்ணால் அளந்து கூறியமையால் இக்கொள்கை விரைவிற் பரவியது. குறைபாடு யாதெனின், வெல்லம் முனையிலுள்ள கலத்தை எவ்வாறு மாற்றுகின்றது என்பதற்கு அது விடை கூறவில்லை. உணவு மிக்கால் உடல் பெருக்கும் என்பதற்கு மேல் அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

1930 இல் எர்ன்ஸ்ட் மூன்ஷ், இலையிலாகும் வெல்லம் உரியத்தின் வழியே அமுக்க வேறுபாட்டால் ஓடுகின்றது என்னும் விளக்கத்தை நூலாக வெளியிட்டார். அவ்வோட்டத்தின் வலிமையை யாழ்ப்பாணத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பனையின் பாளையை நாள்தோறும் சீவ முட்டியில் வடியும் கருப்பநீர் அவ்வுரியச்சாறேயாம். பூவுக்கும் காய்க்குமென மரம் அனுப்பிய வெல்லமே இடைவழியில் மனிதன் கைப்படுகின்றது. அம்மரத்துக்கு உள்ள ஒரே குருத்து அழியின் மரமும் அழியும் என்பதையும் அவர்கள் அறிவர். வெல்லம் செல்லும் வழியும் மூலக்கலங்கள் உறையும் முனையும் இவ்வளவு நெருங்கியிருந்தும், இரண்டையும் ஒருங்கு வைத்து ஆராயும் எண்ணம் அக்காலத்து எழவில்லை. காரணம், அப்பொழுதே மறுகட்சி பெருவெற்றி பெற்றிருந்தது.

ஒல்லாந்து நாட்டு ஊற்றெக்ற் நகரில் வென்ற் என்பார், ஓற்சு நாற்றின் நுனியை வெட்டி ஏகார்க் கட்டியில் வைத்து, நுனியிலிருந்து கட்டிக்குள் இறங்கிய வளர்ச்சிப்பொருளைப் பிரித்துக் காட்டினார். 1928 இல் அவ்வாய்வு முழுமையாக வெளிவந்தது. ஒட்சின் எனப் பெயர்பெற்ற அவ்வோமோனைக் கொண்டு, கலிபோணியாவில் திமன், ஸ்கூக் என்னும் இருவர் 1933 இலும் 1934 இலும் வெளியிட்ட சோதனை எளிமையானது, எளிமையாலேயே வென்றது. அவரைக் குலத்ததொரு செடியின் உச்சியைக் கொய்தால் பக்க அரும்புகள் வளரும். கொய்த வாயில் ஒட்சின் ஊறிய ஏகாரை வைத்தால் அவை வளரா. ஆகவே உச்சியிலிருந்து இறங்கும் ஒட்சினே பக்க அரும்புகளை அடக்குகின்றது என்றனர். உச்சியாட்சி எனப்படும் இந்நிகழ்ச்சிக்கு உச்சி உணவைத் தானே கவர்ந்து கொள்கின்றது என்று முன்னிருந்தோர் கூறிய விளக்கம் பழங்கதையாக எண்ணப்பட்டது. பாடநூல்கள் யாவும் ஒட்சினையே கூறின. 1957 இல் இலண்டனிற் கிறகறியும் வீலும், ஆளிச் செடிக்கு நைதரசனை மிகுத்துக் கொடுத்தபோது உச்சி இருக்கவே பக்க அரும்புகள் வளர்ந்தமையைக் காட்டி, உணவின் பங்கை மீளாய்வு செய்ய வேண்டுமென வாதித்தனர். அவர் குரல் அதிகம் எடுபடவில்லை.

இக்காலத்தில் வெல்லம் ஆய்வுகூடத்தில் இல்லாமலில்லை, எங்கும் இருந்தது. பிலிப் வைற் 1934 இல் தக்காளி வேர்முனையைக் குடுவையில் இட்டு முடிவின்றி வளர்த்தபோது அக்குடுவையில் உப்புக்களோடும் மதுவச்சாற்றோடும் சுக்குரோசும் இருந்தது. பின்னர் வந்த இழையவளர்ப்பாளர் அனைவரும் அவ்வாறே இட்டனர். எல்லாக் குடுவையிலும் ஒரே அளவிற் கிடக்கும் பொருளைப் பற்றி வினா எழுவது அரிது. அவ்வரிய வினாவை எழுப்பியவர் ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வெற்மோரும் அவருடன் உழைத்த றையரும் ஆவர். உருவமற்ற இழையத்திரளின்மேல் ஒட்சினையும் சுக்குரோசையும் வைத்து, ஒட்சினின் அளவை மாற்றாது வெல்லத்தின் அளவை மட்டும் மாற்றினர். நூற்றுக்கு இரண்டு பங்களவில் வெல்லம் இருந்தவிடத்துக் காழ் மிகுதியாகத் தோன்றியது. நான்கு பங்களவில் உரியம் மிகுதியாகத் தோன்றியது. மூன்று பங்களவில் இரண்டும் தோன்றின. 1963 இல் இது வெளிவந்தது. உணவு கூடினால் இழையம் கூட வேண்டுமேயன்றி, ஒன்று மற்றொன்றாக மாறுவானேன்? சில ஆண்டுகளில் ஜெஃப்ஸ், நோத்கோற் ஆகியோர் இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டனர். சுக்குரோசு, மோற்றோசு, திரேகலோசு ஆகிய மூன்று இரட்டை வெல்லங்களே அவ்வாறு கலனிழையத்தைத் தூண்டின; வேறு வெல்லங்கள் இழையத்தை வளர்த்தனவேனும் அதனைத் தூண்டவில்லை. ஊட்டுதல் வேறு, உணர்த்துதல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அன்று இருக்கவில்லை. திரேகலோசு என்னும் பெயரை வாசகர் நினைவில் இருத்துக; அது மீண்டும் வரும்.

இச்சான்றுகள் தனித்து நின்றமைக்குக் காரணம், வெல்லத்தைச் சொல்லாகக் கொண்டால் அதனைக் கேட்கும் செவி எது என்பது தெரியாமையே. வழிகாட்டியது பற்றீரியவியல். பாரிசில் மொனோ, குளுக்கோசும் வேறொரு வெல்லமும் கலந்த ஊடகத்தில் பற்றீரியா முதலில் குளுக்கோசையே உண்பதையும், அது தீர்ந்த பின்னரே மற்றையதை உண்பதற்குரிய நொதியத்தை ஆக்குவதையும் 1940 ஐ அடுத்த ஆண்டுகளில் ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி வளர்ந்து, பரம்பரையலகுகள் ஆளப்படும் முறைபற்றி 1961 இல் ஜாக்கோப்போடு அவர் வெளியிட்ட கொள்கையாயிற்று. வெல்லம் பரம்பரையலகை அடக்கவும் எழுப்பவும் கூடும் என்னும் எண்ணம் இவ்வாறு அறிவியலிற் குடிபுகுந்தது. தாவரத்தில் அதனை நேரே காட்டியவர் பொஸ்ரன் நகரில் ஆராய்ச்சி நிகழ்த்தும் ஜென் ஷீன் அம்மையார். சோள இலையின் கலங்களிலிருந்து சுவரை நீக்கி, ஒளித்தொகுப்புக்குரிய ஏழு பரம்பரையலகுகளின் தூண்டற்பகுதிகளை அவற்றுட் புகுத்தி, வெல்லம் கொடுத்தபோது அவை அடங்குவதை 1990 இல் அவர் வெளியிட்டார். பண்டம் மிகுந்தவிடத்து ஆலை தன் வேகத்தைக் குறைப்பது போன்றதே இது.

வெல்லத்தை உணரும் பொருள் எக்சோகைனேசு என்னும் நொதியமே என அவர் குழுவினர் 1997 இல் கூறியபோது எதிர்ப்பு எழுந்தது. எழுந்தது நியாயமுமாகும். குளுக்கோசைக் கலம் பயன்படுத்துவதற்கான முதற்படியைச் செய்வது அந்நொதியந்தான். அதனை நீக்கினால் மாறுதல் தோன்றுமாயின், செய்தி அறுந்ததாலோ உணவு அறுந்ததாலோ என்று எவ்வாறு கூறுவது? பழைய இரு கட்சியினரின் வழக்கும் சாராம்சத்தில் இதுவே. வழக்கைத் தீர்க்கும் சோதனை 2003 இல் வெளிவந்தது. அரபிடொப்சிசு என்னும் கடுகினத்துச் சிறு களையே இத்தகைய ஆய்வுகளுக்கு உரிய செடி. குளுக்கோசு மிகுந்த தட்டில் அதன் நாற்று பச்சை பிடியாது குறுகி நிற்கும். எக்சோகைனேசு இழந்த விகாரியோ அத்தட்டிற் பச்சைப் பசேலென வளரும். அவ்விகாரிக்குள், குளுக்கோசைப் பற்றிக்கொள்ளக் கூடியதாய், ஆயின் அதனை மாற்றும் ஆற்றல் இழந்ததாய்த் திருத்திய எக்சோகைனேசைப் புகுத்தினர். நாற்று மீண்டும் குறுகியது. நொதியத்தின் தொழில் இல்லை. செய்தி மட்டும் உண்டு. நூறாண்டாகப் பின்னிக் கிடந்த இரண்டு இழைகள் முதன்முறையாக வேறாயின. தட்டிலிட்ட குளுக்கோசின் அளவு இயற்கைக்கு மிஞ்சியது என ஒரு குறை கூறப்பட்டதுண்டு. ஆயினும் மண்ணில் வளர்ந்த விகாரியும் ஒளி மிக்கவிடத்து ஏனையவற்றைவிடக் குறுகியே நின்றமையால், அக்குறை வலுவிழந்தது.

இனித் திரேகலோசு. இவ்வெல்லத்தை 1832 இல் விகேர்ஸ் என்பார் இறை என்னும் தானியத்தைப் பற்றும் பங்கசிற் கண்டார். 1858 இல் பேர்தெலோ, வண்டொன்று ஆக்கும் திரேகலா என்னும் இனிய கூட்டிலிருந்து அதனைப் பெற்று இப்பெயரிட்டார். 1953 இல் லெலுவாரும் கபீப்பும் மதுவத்தில் அது உண்டாகும்போது திரேகலோசு-6-பொசுபேற்று என்னும் இடைப்பொருள் தோன்றுவதைக் காட்டினர். உயர் தாவரங்களிற் பெரும்பாலானவற்றில் இவ்வெல்லம் இல்லையென்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. இருந்த அளவு அத்துணைச் சிறிது. 2002 இல் ஈஸ்ற்மன்டும் பிறரும், அவ்விடைப்பொருளை ஆக்கும் நொதியம் இல்லாத அரபிடொப்சிசு முளையம் விதைக்குள் இடைப்பருவத்திலேயே வளர்ச்சி நின்றுவிடுவதைக் கண்டனர். பின்னர் ஆராய்ந்தபோது அம்முளையத்துள் சுக்குரோசும் மாப்பொருளும் தேங்கிக் கிடந்தன. நிறைந்த களஞ்சியத்தினிடையே பட்டினி! மறு ஆண்டிலே, பற்றீரியத்திலிருந்து பெற்ற அதே தொழிலுடைய நொதியத்தைப் புகுத்த, முளையம் உயிர்த்து வளர்ந்தது. எனவே வேண்டப்பட்டது அவ்விடைப்பொருளே என்பது உறுதியாயிற்று. 2006 இல் ஜேர்மனியின் கோல்ம் நகரில் லன்னும் குழுவினரும் அதனை நுண்ணிதின் அளந்து, சுக்குரோசு ஏறும்போது அது ஏறுவதையும் இறங்கும்போது இறங்குவதையும் காட்டினர். சுக்குரோசின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் எட்டாத பொருள் அது, உணவாகக் கொள்ளற்பாலதன்று. களஞ்சியத்தின் இருப்பை எழுதிய ஏட்டுக்கு அதனை ஒப்பிடலாம். 2013 இல் அதே நகரத்து வாலும் பிறரும், அப்பொருளைக் குறைத்த செடி உரிய பகல்நீளம் கிடைத்தும் பூவாது காலந்தாழ்த்துவதையும், அதன் செயல் இலையில் மட்டுமன்றி உச்சிப் பிரியிழையத்துள்ளேயே நிகழ்வதையும் வெளியிட்டனர். கிளெப்ஸ் செம்பர்வைவத்திற் கண்டது எண்ணுக.

மூலக்கலங்களை நேரே தொட்ட ஆய்வு வேறு வழியாக வந்தது. 1964 இல் ஈஸ்ரர் தீவிற் சென்ற மருத்துவக் குழுவொன்று கொணர்ந்த மண்ணிலிருந்து ரப்பாமைசின் என்னும் மருந்து பெறப்பட்டது. அம்மருந்து தாக்கும் புரதத்தை 1991 இல் பாசல் நகரில் ஹைற்மன், மொவ்வா, ஹோல் ஆகியோர் மதுவத்திற் கண்டு டோர் எனப் பெயரிட்டனர். உணவு உண்டெனின் வளர்க, இல்லையெனின் நிற்க எனக் கலத்துக்கு ஆணையிடும் புரதம் அது. மதுவம் முதல் மனிதன் வரை பரந்துள்ளது. 2002 இல் அரபிடொப்சிசில் அது பிரியிழையங்களிற் செறிந்திருப்பதும், இன்றேல் முளையம் மடிவதும் அறியப்பட்டன. 2013 இல் சியோங்கும் ஷீனும் பிறரும் செய்த சோதனை இவ்வரலாற்றில் தலையாயது. விதையின் சேமிப்புத் தீர்ந்த நாற்றின் வேர்முனை பிரிவை நிறுத்தி உறங்கும். குளுக்கோசு ஊட்டினால் ஒரு நாளில் எழும். டோர் குறைந்த நாற்றில் எழுவதில்லை. ஓமோன்கள் இவ்வெழுச்சிக்கு ஈடுசெய்யவில்லை. ஈண்டு ஒரு வேறுபாட்டைக் குறித்தல் வேண்டும்: எக்சோகைனேசு விடயத்திற் போலன்றி, டோரை எழுப்புவதற்குக் குளுக்கோசு எரிக்கப்பட்டே ஆகவேண்டும். ஆகவே உணவையும் ஓலையையும் முற்றாகப் பிரித்துவிட்டோம் என 2003 இல் எழுந்த மகிழ்ச்சி சிறிது அடங்கியது. சில செய்திகள் உண்ணப்படாமலே படிக்கப்படுகின்றன. சில உண்ணும்போதே படிக்கப்படுகின்றன.

தண்டு முனையின் நிலை வேறு. அங்கே மூலக்கலங்களைப் பேணும் பரம்பரையலகு வுஷெல் எனப்படுவது; கலைந்த தலைமயிர் என்னும் பொருள்படும் ஜேர்மனியச் சொல் அது. அதனை இழந்த செடியின் தோற்றத்தால் அப்பெயர் வந்தது. 2016 இல் ஹைடல்பேர்க் நகரில் லோமானின் குழுவினர், ஒளியும் வெல்லமும் டோரிற் சென்று கூடியே வுஷெலை எழுப்புகின்றன எனக் காட்டினர். மறு ஆண்டு ஷீனின் குழுவினர், வேர்முனைக்குக் குளுக்கோசு மட்டும் போதும், தண்டு முனைக்கு ஒளியும் வேண்டும், அவ்வொளியின் செய்தியை டோருக்குக் கொண்டு செல்வது ஒட்சின் என்றனர். இருளில் முளைத்த பயறு வெளிறி நீள்வதன்றி இலைவிரிக்காதிருப்பதன் காரணம் இதனோடு தொடர்புடையது. ஒட்சின் இவ்விடத்து வெல்லத்தின் பகையாகவன்றித் துணையாக நிற்பதும் நோக்கற்பாலது.

உச்சியாட்சி வழக்கு மீண்டும் எடுக்கப்பட்டது அவுஸ்திரேலியாவில். குவீன்ஸ்லாந்திற் பெவரிட்ஜ் அம்மையாரும் குழுவினரும் நெடிதுயர்ந்த பட்டாணிச் செடியின் உச்சியைக் கொய்து, கீழே 40 சதம மீற்றர் தொலைவிலுள்ள அரும்பைக் கவனித்தனர். ஒட்சின் தண்டில் ஒரு மணித்தியாலத்திற் செல்வது ஏறக்குறைய ஒரு சதம மீற்றரே. அவ்விடத்து ஒட்சின் குறைவதற்கு ஒரு நாளுக்கும் மேலாக வேண்டும். அரும்போ சில மணித்தியாலங்களில் அசையத் தொடங்கிற்று! உரியத்தில் வெல்லம் பன்மடங்கு விரைந்து செல்லும்; உச்சி உண்ணாதொழிந்த வெல்லம் அரும்பைச் சென்றடையப் போதிய காலம் அது. உச்சியைக் கொய்யாமலே இலைக்காம்பின் வழி சுக்குரோசு செலுத்தியபோதும் அரும்பு எழுந்தது. இலைகளை நீக்கியபோது உச்சி கொய்தும் தயங்கியது. 2014 இல் இது வெளியாயிற்று. 2017 இல் பிக்ற்னரும் பிறரும், உச்சி கொய்த சில மணித்தியாலங்களில் அரும்பினுள் திரேகலோசு-6-பொசுபேற்று ஏறுவதைக் கண்டனர். திமனும் ஸ்கூக்கும் பிழைபட்டனர் என்பது இதன் பொருளன்று. அவர்கள் வைத்த ஏகார் உண்மையிலேயே அரும்பை அடக்கியது. எழுந்த அரும்பு தொடர்ந்து கிளையாவதற்கு ஒட்சின் இறங்குதல் இன்றும் வேண்டப்படுகின்றது. அவர்கள் சோதனையினின்று பின்வந்தோர் பெற்ற "ஒட்சினே, பிறிதன்று" என்னும் முடிபே மிகையானது. கிறகறியும் வீலும் ஐம்பத்தேழு ஆண்டு முந்திப் பிறந்த வழக்கறிஞராயினர்.

சோளக்கதிரின் கதை இன்னும் முற்றுப்பெறவில்லை. கதிர் கிளைவிடாது ஒழுங்காக மணிவரிசை கட்டுவதற்கு உதவும் றமோசா-3 என்னும் பரம்பரையலகு, திரேகலோசு-6-பொசுபேற்றைச் சிதைக்கும் நொதியத்துக்குரியது என 2006 இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹாபர் ஆய்வுகூடத்தார் கண்டனர். வெல்லச் செய்தியே கதிரின் உருவையும் ஆள்கின்றது எனப் பலரும் அப்பொழுது முடிவு செய்தனர். ஆயின் 2019 இல் அதே ஆய்வுகூடத்திலிருந்து மற்றோர் அறிக்கை வெளிவந்தது. அந்நொதியத்தின் சிதைக்கும் ஆற்றலுக்கும் கதிரின் கிளைவிடுதலுக்கும் நேர்த்தொடர்பு இல்லை. ஆற்றலிழந்த நொதியமும் தன் பணியைப் பெரிதும் செய்கின்றது. எக்சோகைனேசைப் போல அதுவும் வெல்லத்தை உணரும் செவியோ, அன்றி வெல்லத்தோடு தொடர்பற்ற வேறொரு பணி உடையதோ என்பதே அக்குழுவினரின் அறிக்கை எழுப்பிய வினா.